மூடிக் கணக்கில் செய்த அச்சு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பைபர் படகுகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். வாங்கிய இரண்டே ஆண்டில் படகின் அடியில் கொப்புளம் கிளம்புகிறது, அணியத்தில், அதாவது படகின் முன்பகுதியில், தோல் உரிகிறது என்று மீனவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஆனால் கட்டுரையாளர் காரணத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்: தரமற்ற ரெசின், அதாவது கண்ணாடி இழையோடு சேர்ந்து இறுகும் பிசின். இருபது ஆண்டுகளாகப் படகு அச்சு செய்து பிழைப்பவன் என்ற முறையில் இதை ஏற்றுக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை. கெட்ட ரெசினை இத்தனை ஆண்டுகளில் மூன்று நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன். கெட்ட அச்சுகளை எண்ணி மாளாது.

என் அப்பா மரப்படகு செய்த ஆசாரி. நானும் உளியும் இழைப்புளியுமாகத்தான் வளர்ந்தேன். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எங்கள் கரையில் மரத்துக்கு வேலையில்லாமல் போனது. இழந்த கட்டுமரங்களுக்கு ஈடாக எல்லோருக்கும் பைபர் படகு, அதுவும் உடனே வேண்டும் என்ற நிலை. தென்னந்தோப்புகளிலும் காலி மனைகளிலும் தார்ப்பாய் கட்டிப் பட்டறைகள் முளைத்தன. ரெசினைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட ஒரு வாரத்தில் மேஸ்திரி ஆனார்கள். எனக்கு மரவேலை தெரியும் என்பதால் ஒரு பட்டறையில் பிளக் செய்ய அழைத்துக்கொண்டார்கள்.

வாசகர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். பிளக் என்பது படகின் வெளிவடிவத்தை மரத்திலும் பிளைவுட்டிலும் கட்டி, புட்டி பூசி, தேய்த்து, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றிய முதல் உருவம். அதன்மேல் ஜெல்கோட் (வெளித்தோலாக அமையும் நிறப் பூச்சு), கண்ணாடி இழை மேட், ரெசின் என்று அடுக்கடுக்காகக் கையால் பூசி இறுகவைத்து எடுப்பது அச்சு. அந்த அச்சின் உட்புறத்தில் அதே முறையில் பூசி எடுப்பதுதான் படகு. பிளக்கில் இருக்கும் மயிரிழைக் கீறல் அச்சுக்கு வரும். அச்சிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு படகுக்கும் வரும். ஒரு படகில் பிழை என்றால் ஒரு வீட்டுக்கு நட்டம். அச்சில் பிழை என்றால் ஒரு கிராமத்துக்கே நட்டம்.

2005-ஆம் ஆண்டு ஐப்பசி. அந்த ஆண்டு மழை எப்படிப் பெய்தது என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். 28 அடிப் படகுக்கு நான் செய்த பிளக்கின் மேல் அச்சு எடுத்தார்கள். ஜெல்கோட்டை ஒரே பூச்சாக, பிரஷ்ஷால், வேகவேகமாகப் பூசினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மேட்டை விரித்து ரெசின் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அச்சைக் கழற்றியபோது அணியத்தின் இரு பக்கமும் ஜெல்கோட் சுருங்கி, முதலைத் தோல் போல மடிப்பு மடிப்பாக நின்றது. மழை ஈரம் என்றார் மேஸ்திரி. ரெசின் கெட்டது என்றார் முதலாளி. டிரம்மைத் திருப்பி அனுப்பி வேறு டிரம் வரவழைத்தார்கள். இரண்டாவது அச்சிலும் அதே சுருக்கம், ஏறக்குறைய அதே இடத்தில்.

ரெசின் மாறியும் நோய் மாறவில்லை என்றால் நோய் ரெசினில் இல்லை. அன்று இதை எடுத்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஒதுக்கிப் போட்ட முதல் அச்சிலிருந்து இரண்டு துண்டுகளை அறுத்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஒன்று சுருங்கிய இடம், மற்றொன்று நன்றாக வந்த இடம். குறுக்கு வெட்டை விளக்கருகே வைத்துப் பார்த்தேன். நன்றாக வந்த இடத்தில் ஜெல்கோட் கட்டைவிரல் நகத்தின் கனம் இருந்தது. சுருங்கிய இடத்தில் நாட்காட்டித் தாளின் கனம்தான். அணியத்தின் பக்கவாட்டு ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால், பூசிய ஜெல்கோட் வழிந்து கீழே இறங்கியிருக்கிறது.

குளியலறைக்கு வாங்கி மீந்திருந்த வழவழப்பான ஓடுகள் நான்கில் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் பூசிச் சோதித்தேன். முதல் ஓட்டில் மெல்லிய பூச்சு. இரண்டாவதில் கனமான பூச்சு, ஆனால் ஒரு மணி நேரத்தில் மேட். மூன்றாவதில் கனமான பூச்சு. விரலால் தொட்டால் பசையாக இருந்து, ஆனால் விரலில் நிறம் ஒட்டாத பக்குவம் வந்தபிறகு மேட். நான்காவதில் மூன்றாவதைப் போலவே கனம், நேரம் எல்லாம். இறுகவைப்பதற்காகச் சேர்க்கும் கேட்டலிஸ்ட்டை மட்டும் பாதியாகக் குறைத்தேன். மூன்றாவது ஓடு மட்டும்தான் சுருங்காமல் வந்தது.

பிறகு படித்தும் கேட்டும் இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டேன். ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கிறது. அந்தக் காட்டமான வாசனை அதனுடையதுதான். ஜெல்கோட் இறுகுவதற்குள் அதன்மேல் ரெசினை ஊற்றினால், புதிய ரெசினில் உள்ள ஸ்டைரீன் ஜெல்கோட்டுக்குள் ஊறி அதை உப்பவைக்கிறது. உப்பியதற்கு விரிய இடமில்லை, ஆகவே மடிகிறது. மெல்லிய பூச்சிலோ அதற்குரிய ஸ்டைரீன் காற்றில் பறந்துபோவதால் அது எத்தனை நேரம் காத்திருந்தாலும் முழுதாக இறுகுவதில்லை. படகுக்கு ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் கனம் வேண்டும். சதுர மீட்டருக்கு 600 கிராம் என்று நிறுத்து எடுத்துக்கொண்டால் சுமாராக அந்தக் கனம் வந்துவிடும். அச்சுக்கு அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல், இரண்டு பூச்சாக, முதல் பூச்சு இறுகியபின் இரண்டாவது. அதற்காக இன்று ஜெல்கோட் பூசிவிட்டு இரண்டு நாள் கழித்து மேட் போடுவதும் கூடாது. ஜெல்கோட் சுருங்கிப் பிளக்கை விட்டுத் தானாகவே கிளம்பிவிடும். இடையில் விழும் தூசியும் பனியும் வேறு. பக்குவம் வந்த அன்றே முதல் மேட் போட்டாக வேண்டும்.

நான்காவது ஓட்டுக்கு வருகிறேன். இக்கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். எங்கள் கரையில் பெரும்பாலான பட்டறைகளில் கேட்டலிஸ்ட்டை அளப்பது டப்பாவின் மூடியால். 'கிலோவுக்கு ரெண்டு மூடி' என்பார்கள். நான் வெவ்வேறு டப்பாக்களின் மூடிகளை மருத்துவக் கடையில் வாங்கிய சிரிஞ்சால் அளந்து பார்த்திருக்கிறேன். ஒன்று 5 மில்லி பிடித்தது, இன்னொன்று 9 மில்லி. ஒரே மேஸ்திரி, ஒரே கணக்கு, ஆனால் ஒரு நாள் 10 மில்லி, மறுநாள் 18 மில்லி. பொதுவாக ஜெல்கோட்டுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லி கேட்டலிஸ்ட் தேவை. 10-க்குக் கீழே போனால் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே இறுகாது. நாள் கழித்தாலும் இறுகாது. இந்த மூடிக் கணக்கை ஒழித்தாலே எங்கள் படகுகளின் பாதி நோய் தீர்ந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு சிரிஞ்சின் விலை ஒரு தேநீர் விலை.

அந்த இரண்டாவது அச்சுக்கு என்ன ஆனது என்பதையும் எழுதிவிடுகிறேன். சுருக்கத்தின்மேல் புட்டி அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்தார்கள். அதிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட படகுகள் எடுத்தார்கள். புட்டி இருந்த இடத்தில் மெழுகு சரியாகப் பிடிக்காமல் ஒவ்வொரு படகும் அங்கே ஒட்டியது. தட்டித் தட்டிப் பிரித்தார்கள். பிரிந்த இடத்தில் படகின் ஜெல்கோட் பிய்ந்துவர, அதன்மேலும் புட்டி, அதன்மேலும் பெயின்ட். அந்தப் படகுகள் கரைக்கு வரும்போது மணலில் மோதுவது எந்த இடம்? அதே அணியம்தான். சில ஆண்டுகள் கழித்து ஒரு மீனவர் தன் படகின் அணியத்தைக் காட்டி, 'தம்பி, இது ஏன் தாள் தாளாகப் பிரியுது?' என்று கேட்டார். படகைப் பார்த்தவுடனேயே அது எந்த அச்சுப் பிள்ளை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிளக் செய்தவன் நான். அவரிடம் உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து அச்சு வேலையை என் பொறுப்பில், என் கணக்கில் மட்டுமே செய்வது என்று முடிவெடுத்தேன்.

அணியத்திலும், படகின் அடியில் நெடுக ஓடும் ஏராவிலும் வரும் இன்னொரு நோய் காற்றுப் பை. கண்ணாடி இழை மேட் கூர்மையான மூலையில் மடங்காது; பாலம் போட்டதுபோல் எட்டி நின்றுவிடும். ஜெல்கோட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் காற்று தங்கும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும், முட்டை ஓடு போல. முதல் முறை கல்லில் பட்டவுடன் உடையும். அங்கிருந்து கடல் நீர் இழை வழியே ஊறி உள்ளே போகும். கட்டுரையில் சொல்லப்பட்ட தோல் உரிதல் பெரும்பாலும் இதுவே. பிளக் செய்யும்போதே எந்த மூலையையும் கூராக விடாமல் சுண்டுவிரல் கனத்துக்காவது உருட்டிவிட வேண்டும். ரெசினில் நறுக்கிய இழையைக் குழைத்து மூலையில் அப்பி, அதன்மேல் கனம் குறைந்த மேட் ஒன்றை மட்டும் போட்டு, ரோலரால் மூலையை நோக்கி அல்லாமல் மூலையிலிருந்து வெளியே காற்றைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். இரவு முழுக்க இறுகவிட்டு மறுநாள் ஒரு ரூபாய் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்ப்பேன். கெட்டியான இடம் 'டக்' என்று கேட்கும். காற்று தங்கிய இடம் பானை ஓசை தரும். அந்த இடத்தை அறுத்தெடுத்து அன்றே அடைத்துவிடலாம். மேலே ஐந்தாறு அடுக்கு ஏறியபின் அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வெயில் காலத்து நோய் வேறு. ஒரு சித்திரை மாதம், கத்திரி வெயில் தொடங்கும் முன்பே அச்சு முடிய வேண்டும் என்று நானே அவசரப்பட்டு ஒரே நாளில் ஆறு அடுக்கு போட்டேன். ரெசின் இறுகும்போது தானாகச் சூடாகும். அடுக்கு கூடக்கூடச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறும். மாலையில் அச்சின் முதுகில் உள்ளங்கை வைக்க முடியவில்லை. கழற்றியபின் அணியத்திலிருந்து பின்பக்கம்வரை நூல் கட்டிப் பார்த்தேன். நடுவில் ஏரா ஒரு விரல் கனம் விலகியிருந்தது. அந்த அச்சில் எடுக்கும் படகு காலமெல்லாம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், மீனவருக்கு டீசலோ மண்ணெண்ணெயோ வீணாகும். இரண்டு மாத உழைப்பை நானே அறுத்துப் போட்டேன். வேதனையாக இருந்தது, ஆனால் அது விற்பதற்குரிய பொருள் அல்ல. இப்போது முதல் அடுக்குக்கு ஒரு முழு நாள் விடுகிறேன். அதன்பின் நாளுக்கு இரண்டு அடுக்கு, அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறும்முன் முடித்துவிடுகிறேன். கலந்த ரெசினை ஆழமான வாளியில் வைத்திருப்பதில்லை. அகலமான தட்டில் ஊற்றினால் சூடு பரவி, வேலை செய்யக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அச்சின் கனம் படகின் கனத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பதிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மாலை வெயில் சாய்வாக விழும்போது கரையில் நிற்கும் படகுகளின் பக்கவாட்டைப் பாருங்கள். சிலவற்றில் நெய்த துணியின் கட்டங்கள் ஜெல்கோட்டில் லேசாகத் தெரியும். சிலவற்றில் இடைவெளி விட்டு நெடுக்கோடுகள் தெரியும். முதலாவது, ரோவிங் என்னும் நெய்த கண்ணாடி இழைத் துணியை ஜெல்கோட்டுக்கு மிக அருகில் வைத்ததாலும், அடியடுக்கு இறுகும்முன் மேலடுக்கு போட்டதாலும் வந்தது. இரண்டாவது, அச்சைத் தாங்கும் சட்டங்களை அச்சு இறுகும்முன்பே அதன் முதுகில் வைத்து ஒட்டியதால் வந்தது. அச்சு முழுதாக இறுகியபின், இடையில் அட்டைப் பட்டை கொடுத்து ஒட்டினால் அந்தக் கோடு விழாது. இவை அழகுக் குறை மட்டுமே என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவை அந்தப் பட்டறை எங்கெல்லாம் காத்திருக்கவில்லை என்பதற்கான சாட்சி.

சிறு குறைகளையும் சொல்ல வேண்டும். ஜெல்கோட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி நின்றால் அங்கே எண்ணெய் பட்டிருக்கிறது. எங்கள் பட்டறையில் ஒரு பையன் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு அதே கையால் பிளக்கைத் தடவியதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. ஊசிமுனைத் துளைகள் என்றால் ஜெல்கோட்டைக் கலக்கும்போது நுரைக்க அடித்திருக்கிறார்கள். மார்கழி விடியலில் பிளக்கைக் கையால் தொட்டுப் பார்க்காமல் வேலை தொடங்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பனி படிந்திருக்கும். பிரஷ்ஷை அசிட்டோனில் கழுவிவிட்டு உதறாமல் ரெசினில் முக்குவதும் கெடுதல். புதிய பிளக்குக்கு ஐந்தாறு முறை மெழுகு, ஒவ்வொன்றுக்கும் இடையில் காயும் நேரம், அதன்மேல் அச்சு ஒட்டாமல் பிரிய உதவும் பிவிஏ பூச்சு. இதில் ஒன்றைக் குறைத்தாலும் அச்சு பிளக்கோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிவிட்டால் இரும்புக் கடப்பாரையை எடுக்காதீர்கள். விளிம்பில் மர ஆப்பை மெல்லச் செருகி இடைவெளியில் தண்ணீர் விடுங்கள். பிவிஏ நீரில் கரையும். பொறுமையாக இருந்தால் அச்சு தானாக விட்டுக்கொடுக்கும்.

நான் மிகவும் வருந்துவது இன்னொன்றுக்காக. பிளக் செய்யும் செலவையும் உழைப்பையும் மிச்சப்படுத்த, கரையில் கிடக்கும் பழைய படகையே பிளக்காக வைத்து அச்சு எடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. ஐந்து ஆண்டு மணலில் இழுபட்டு வளைந்த படகின் வளைவு, அதன் பழைய ஒட்டு, அதன் தேய்ந்த ஏரா, எல்லாம் புதுப்படகுக்கு வருகின்றன. வாங்குபவருக்குப் புதுப்படகின் விலை. இது ஏமாற்று. வேறு மென்மையான சொல் எனக்குத் தெரியவில்லை.

படகு வாங்கப்போகும் மீனவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுக்கும்முன் படகை மட்டும் பார்க்காதீர்கள், அச்சைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உட்புறம் முழுவதும் நடந்து பாருங்கள். பகலில் மறைந்த அலைகள் அப்போது தெரியும். நாணயத்தால் தட்டுங்கள். அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் ஓரிடத்தில் தேயுங்கள். மேற்பரப்பு பிசுபிசுத்தாலோ துணியில் நிறம் ஏறினாலோ அது இறுகாத ஜெல்கோட். காட்ட மறுக்கும் பட்டறையில் வாங்காதீர்கள்.

ரெசின் செய்யும் நிறுவனங்களிடம் நான் கேட்பது ஒன்றே. என் கைக்கு வந்த டிரம்களின் விளக்கத் தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. அதில் எத்தனை மில்லி, எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம் என்று எல்லாமே தெளிவாக அச்சிட்டிருக்கிறது. என் மகள் கல்லூரிக்குப் போனபின்தான் அது எனக்குத் தமிழில் கிடைத்தது. டிரம்மைத் திறப்பவர்களின் மொழியில் ஒரு தாள் வையுங்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன்கீழ் மீன்வளப் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பட்டறைத் தொழிலாளர்களுக்குக் கையால் செய்துகாட்டும் வகுப்பு நடத்த அவர்கள் முன்வந்தால், அறுத்து வைத்திருக்கும் பழைய அச்சுத் துண்டுகளோடு நான் கூலியில்லாமல் வருகிறேன். இருபது ஆண்டுகளில் சேர்ந்த துண்டுகள் ஒரு சாக்கு நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தேதி, அன்றைய வெயில் அல்லது மழை, கேட்டலிஸ்ட் அளவு எல்லாம் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. முழுவதையும் வெளியிட இடமில்லை என்றால் பின்வரும் வரிகளை மட்டுமாவது, முடிந்தால் பெரிய எழுத்தில், வெளியிடுங்கள். ரெசினை விரைவாக இறுகச் செய்யும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் எக்காரணம் கொண்டும் நேருக்கு நேர் கலக்காதீர்கள், வெடித்துத் தீப்பற்றும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்து முடித்து, அதன்பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். இரண்டு டப்பாக்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் அந்த நொடியே சுத்தமான தண்ணீரால் விடாமல் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.

இப்படிக்கு,
படகு அச்சுத் தொழிலாளி,
நாகப்பட்டினம் மாவட்டம்.